கணக்கு அக்காவின் காதும் ஒரு ஸ்விட்ச்சும்

மேடையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் ஆறாத் துயரோடு வீற்றிருக்கும் அண்ணி அவர்களே, கணக்குப் பிரிவின் தூணான அக்கா அவர்களே, இடம் போதாமல் படிக்கட்டு வரை நிற்கும் தோழர்களே!

எத்தனை பேர்! நம் அலுவலகத்தின் நெட்வொர்க் தலைவர், நாம் எல்லோரும் 'பெட்டிக்காரர்' என்று அன்போடு அழைத்த பெருமகனார் மறைந்தார் என்றதும் எத்தனை பேர்! நாளை நான் போனால் இதில் பாதிப் பேராவது வருவீர்களா? சிரிக்காதீர்கள், உண்மையாகவே கேட்கிறேன். காலமெல்லாம் அவருக்கு அடுத்த நாற்காலியில் வேலை பார்த்தவன் நான். என் பொறாமையை இந்தத் துக்கத்தில் கரைத்துவிடலாம் என்று பார்த்தேன், கரையவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அந்த யானைக்குப் பக்கத்தில் நின்றவன் படும் பாட்டை யாராவது கேட்டதுண்டா?

அந்நாளில் நம் கணினிகளை இணைத்தவை சாதாரண ஸ்விட்ச் பெட்டிகள். கேபிளைச் செருகினால் இணைக்கும். அதற்கு மேல் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. நம் மேலாளர் அவர்களுக்கோ கேபிள் தொங்கினால் பொறுக்காது. ஒரு நாள் தம் அறையில் தொங்கிய முனையை எடுத்துச் சுவரில் இருந்த இணைப்பில் அழகாகச் செருகிவிட்டார். அதன் மறுமுனை ஏற்கெனவே பக்கத்து இணைப்பில் இருந்தது! போன தகவலே திரும்பி வந்து, வந்ததே மறுபடியும் போய், அலுவலகம் முழுவதும் கிறுகிறுத்து நின்றது.

அதன் பிறகுதான் ரேக் என்னும் இரும்புச் சட்டத்தில் பொருத்தும் மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்க முடிவாயிற்று. ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகக் கண்காணிக்கவும், தேவையானால் பூட்டவும் தெரிந்த ஸ்விட்ச் அது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் இருவருக்கும். நான் என்ன செய்தேன்? எல்லாவற்றின் விவரங்களையும் ஒப்பிட்டு, வேகத்தில் முதலில் நின்றதைக் காட்டினேன். அவர் என்ன செய்தார்? அதைக் கடைக்காரரிடம் சோதனைக்கு இரவல் வாங்கி, தோளில் சுமந்துகொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனார். ரேக் இருப்பது அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் அல்லவா!

"அக்கா, இது இன்னைக்கு உங்க பக்கத்துல ஓடட்டும். சாயங்காலம் வந்து கேக்கறேன்."

சாயங்காலம் அக்கா சொன்ன தீர்ப்பு இது: "காதுல வண்டு பூந்த மாதிரி இருக்கு தம்பி. கூட்டின கணக்கையே திரும்பத் திரும்பக் கூட்டிட்டு இருக்கேன்."

பெட்டிக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்!

அடுத்து அவர் சுமந்துவந்தது, உள்ளே சூடு தணிக்கும் காற்றாடி மெதுவாகச் சுழலும் ஒன்று. என்னுடையதைவிட வேகம் குறைவு. ஆனால் நம் வேலைக்கு அதுவே தாராளம். தொலைபேசிகளுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும். வருகிறவர் போகிறவர் பயன்படுத்தும் இணையத்தைக் கணக்குப் பிரிவின் பக்கமே அண்டவிடாது. "லேசா மூச்சு விடுற சத்தம்தான். பரவால்ல, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அக்கா. தேர்வு முடிந்தது.

மேலாளர் அவர்கள் மறுபடியும் கேபிளைச் செருகினார். பொறுத்தருள வேண்டும் ஐயா, வரலாற்றை மறைக்க முடியாது! இம்முறை ஸ்விட்ச் அந்த ஓர் இணைப்பை மட்டும் பூட்டியது. வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பெட்டிக்காரர் மாடியேறிப் போய்க் கேபிளை உருவிவிட்டு, "ஒண்ணுமில்ல சார், கேபிள் கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு" என்றார். அன்று முதல் நெட்வொர்க் படுத்தால் நீங்கள் தேடியது யாரை? அவரை! எதிரே குத்துக்கல்லாட்டம் நான் உட்கார்ந்திருக்க, "அவர் எங்கே?" என்று என்னிடமே கேட்டது யார்? நீங்கள்! என் வயிறு எரிந்ததா? எரிந்தது! இன்றும் எரிகிறது!

இப்போது அந்த ஸ்விட்ச்சுக்கு வயதாகிவிட்டது. புதியதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் ஒருவனுக்கு. மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? "அவர் இருந்தா எதை வாங்கியிருப்பாரோ, அதையே வாங்கிடுங்க." மறைந்த பிறகும் முதலிடம் அவருக்குத்தான்! இந்த ஒரு தேர்விலாவது அவரை ஜெயித்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நானே பார்த்துப் பார்த்து ஒன்றை இரவல் வாங்கினேன். நேற்று அதைத் தோளில் சுமந்து போய் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் ஓடவிட்டேன். ஆம், அது அவருடைய வழிதான். வேறு நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்! சாயங்காலம் அக்கா சொன்னார்: "தம்பி, இது அவர் வாங்கினதைவிடச் சத்தம் கம்மி."

காலமெல்லாம் காத்திருந்த வார்த்தை! சொல்லிக் கொஞ்சம் வெறுப்பேற்றலாம் என்று எங்கள் அறைக்கு ஓடினேன். அவருடைய நாற்காலி மேசைக்குள் தள்ளியபடி இருந்தது. அதன் எதிரே போய் நின்றேன். ஜெயித்ததை யாரிடம் போய்ச் சொல்வது?

தோழர்களே, அவர் படத்தின் முன் உறுதி சொல்கிறேன். பக்கத்தில் உட்காரப் போகிறவரைக் கேட்காமல் இனி எந்தப் பெட்டியும் நம் ரேக்கில் ஏறாது. அவர் விட்ட வேலையை நான் செய்வேன். அவரைவிட நன்றாகவே செய்வேன்!

அண்ணே, கேட்கிறதா? உங்களுடையதைவிடச் சத்தம் குறைவாம். ஒரு தடவை வந்து பொறாமைப்பட்டுவிட்டுப் போங்கள்.