இன்ஜின் ஆறும் வரை

– மணி நாலரை ஆகுதுண்ணா. இப்பத்தான் ஃபோனை எடுக்கணும்னு தோணுச்சா?

– சிக்னல் இல்ல குட்டி. மலை ரோட்டுல வந்து ஃபோன் ஃபோன்னா...

– எங்க இருக்க?

– ஏறிட்டு இருக்கேன். ஓரமா நிறுத்தித்தான் பேசறேன், பயப்படாத.

– கூட யாரு?

– என் கூட யாரு வருவா. நானும் காரும்.

– கார் பாவம்.

– சிரிக்காத.

– நான் எங்க சிரிச்சேன்... சாப்பிட்டியா?

– ம். நீ?

– ம்.

– பொய்.

– உன்னோடதும்தான்.

– அப்பா எப்படி இருக்கார்?

– ...

– குட்டி.

– அப்படியேதான். நேத்து எப்படி விட்டுட்டுப் போனியோ அப்படியே.

– டாக்டர் வந்தாரா?

– வந்தார். அதே பேச்சுதான். மூச்சை மெஷின்தான் விடுது. பிள்ளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து சரின்னா எடுத்துடலாம், இல்லன்னா இப்படியே வச்சிருக்கலாம். எத்தனை நாளைக்குன்னு அவருக்கே தெரியாதாம்.

– மூத்தவர் எங்கன்னு கேட்டிருப்பாரே.

– கேட்டார். மலைக்குப் போயிருக்கார்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தார்.

– சாமியாராப் போயிட்டேன்னு நினைச்சிருப்பார்.

– உனக்கே தெரியுமா நீ எதுக்குப் போனன்னு? அவர் படுத்துக் கிடக்கார், நீ சாவியை எடுத்துட்டு, ‘ஒரு நாள் குடு, முடிவோட வரேன்’னு கிளம்பிட்ட. அங்க யாரு வச்சிருக்கா உனக்கு முடிவு?

– அப்பா லாரி ஓட்டுறப்ப நிறுத்துற இடத்தைப் பாக்கணும்னு இருந்துச்சு.

– எந்த இடம்?

– சின்ன வயசுல லாரியில என்னைக் கூட்டிட்டுப் போவார்ல. கடைசி வளைவு தாண்டினதும் இன்ஜினை அணைச்சிடுவார். பேச மாட்டார். சிகரெட் கூடப் பத்த வைக்க மாட்டார். கையை மடியில வச்சுட்டு, எதிர்ல பாத்துட்டே உக்காந்திருப்பார். நான் ஏதாவது கேட்டா, உஷ்னுவார்.

– அங்க எவளோ ஒருத்தி இருக்கான்னு அம்மா சொல்லிட்டே இருப்பா.

– இருக்கா. டீக்கடை போட்டிருக்கா. எழுபது வயசுக்கு மேல இருக்கும்.

– அடப்பாவி...

– அந்த மனுஷனுக்கு சாமி கிடையாது, பூதம் கிடையாது. அப்படிப்பட்டவர் அங்க மட்டும் ஏன் அப்படி உக்காரணும்? ஏதோ ஒண்ணு கிடைச்சிருக்கு அவருக்கு. அது என்னன்னு தெரிஞ்சுட்டா, இப்ப என்ன செய்யணும்னு அவரே சொன்ன மாதிரி...

– இரு. ஏறிட்டு இருக்கேன்னியே. அவளை எப்பப் பாத்த?

– காலையிலேயே வந்துட்டேன்.

– அப்ப சிக்னல்?

– நல்லாத்தான் இருக்கு. ஃபோன் சத்தத்தை அணைச்சு வச்சிருந்தேன்.

– மத்தியானமும்?

– மத்தியானமும்தான். நீ கூப்பிடுவன்னு தெரியும். என்ன சொல்றதுன்னு தெரியல... பயம். கோவமா?

– இல்ல.

– கோவம்தான்.

– இல்லங்கறேன்ல. சொல்லு, தெரிஞ்சுதா?

– முதல்ல ஒண்ணும் இல்ல. இன்ஜினை அணைச்சதும் காது கொய்ங்குது. எதிர்ல மலைன்னுதான் பேரு, பனி மூடி வெறும் வெள்ளையா கிடக்கு. அவர் மாதிரியே கையை மடியில வச்சுட்டு உக்காந்தேன். வரும் வரும்னு பாத்தேன். பசிதான் வந்துச்சு.

– உனக்கு வேற என்ன வரும்.

– அந்தம்மாகிட்ட போய் இந்த இடத்துல என்ன விசேஷம்னு கேட்டேன். ‘ஒரு விசேஷமும் இல்ல, ஏத்தத்துல இன்ஜின் கொதிச்சுப் போகும், ஆறட்டும்னு எல்லா லாரியும் நிக்கும்’னா. சொல்லிட்டுக் கிளாஸ் கழுவப் போயிட்டா.

– அவ்வளவுதானா?

– அவ்வளவுதான்.

– இதுக்கா அவ்வளவு தூரம் போன?

– எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. திரும்பிடலாம்னு காருக்கு வந்தேன். அப்ப ஒரு லாரி மேல ஏறி வந்துச்சு. முன்னாடி ஒரே ஆவி. வந்ததும் உயிர் போன மாதிரி நின்னுச்சு. டிரைவர் இறங்கல. தட்டல, திறந்து பாக்கல, யாரையும் திட்டல. சும்மா உக்காந்திருந்தான்... ரொம்ப நேரம். அப்புறம் சாவியைத் திருப்பினான். பிடிச்சுக்கிச்சு குட்டி. இறக்கத்துல போயே போயிடுச்சு. நான் அந்த ரோட்டோரத்துலயே உக்காந்து அழுதேன். யாராவது பாத்திருந்தா கல்லால அடிச்சிருப்பாங்க.

– ஏன் அழுத?

– புரிஞ்சிடுச்சு. அப்பா ஆறிட்டு இருக்கார். அவ்வளவுதான். நாம பக்கத்துல சும்மா இருந்தாப் போதும். எடுக்க வேண்டாம் குட்டி.

– அண்ணா...

– டாக்டர் ஆயிரம் சொல்லட்டும். நீ எடுத்துடலாம்னு நினைக்கிறது எனக்குத் தெரியும். தப்புன்னு சொல்லல. பக்கத்துல இருந்து தினம் தினம் பாக்குறவ நீ. நான் வந்து போறவன். இனிமே நான் உக்காருறேன். வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.

– நான் சொல்றதைக் கேளு.

– மாப்பிள்ளை எங்க? அவர்கிட்டக் குடு, நான் பேசறேன்.

– கீழ இருக்கார். வண்டிக்குச் சொல்லிட்டு இருக்கார்.

– எந்த வண்டி? வீட்டுக்குப் போறீங்களா? போங்க. போய்த் தூங்கு, குரலே சரியில்ல உனக்கு. போறதுக்கு முன்னாடி ஃபோனை அப்பா காதுல வை. நேத்து ராத்திரி நான் கூப்பிட்டப்ப வச்சியே, அந்த மாதிரி. அவசரம் ஒண்ணும் இல்லப்பா, மெதுவாவே ஆறட்டும்னு சொல்லணும்.

– ...

– குட்டி? வச்சியா... அந்த மெஷின் சத்தம் ஏன் கேக்கல?

– மத்தியானம் அடிச்சு அடிச்சுப் பாத்தேன், நீ எடுக்கலண்ணா. ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே சரின்னு சொல்லிட்டேன்.