இருவர் குழுவில் மூன்றாவது ஆள்

வீட்டில் யாராவது சத்தம் போட்டுப் பேசினால் எனக்குத் தலை வலிக்கும். மேடையின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னால் உட்காரும் வேலை அதனால்தான் எனக்குப் பிடித்தது. அங்கே எந்தச் சத்தத்தையும் ஒற்றை விரலால் அடக்கிவிடலாம்.

அக்கா பாடுவாள். அத்தான் மின் கிடார் வாசித்தபடி கூடப் பாடுவார். வயல்காட்டு மெட்டுகளை எடுத்து நாற்காலி அதிரும்படி பாடுவது அவர்கள் பாணி. வேன் ஓட்டுவது, வயர் இழுப்பது, ஒலியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பாடினால் கூட்டம் சொக்கிப்போகும் என்று நம்பினோம். கூட்டம் கொட்டாவி விட்டது.

ஒருமுறை அக்காவைப் பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். பின் சீட்டில் போர்வை குவிந்து கிடந்ததைப் பார்த்த அத்தான், "அசந்து தூங்கறா, மெதுவாப் போ மச்சான்" என்றார். மெதுவாகத்தான் போனேன். லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்த அக்கா, அத்தானோடு பேச்சை நிறுத்திவிட்டு, பாதி வழியில் விட்டுப்போனவனைக் காய்ச்சி ஒரு பாட்டு எழுதினாள். அதை ஒலிபரப்பாத வானொலி இல்லை. அவள் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது வண்டிக் கண்ணாடியில் தெரியவில்லையா என்று கேட்கிறீர்கள். தெரிந்தது. சவுண்ட் செக்குக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அதன்பிறகு அவர்கள் ராசியாக இருக்கும் நாட்களில் எனக்குக் கவலை வந்துவிடும். அத்தானின் கிடார் பெட்டிக்குள் பெண்கள் தலையில் குத்தும் சிவப்புக் கிளிப் ஒன்றைப் போட்டுவைத்தேன். கடையில் நல்லதாகப் பார்த்து வாங்கியது.

"யாரோடதுங்க இது?"

"சத்தியமாத் தெரியாதும்மா. மச்சானையே கேளு."

என்னைக் கேட்டார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கிளிப்பை வைத்து அக்கா எழுதிய பாட்டைத் தெருவில் குழந்தைகள்கூடப் பாடினார்கள். செய்யாத தப்புக்கு அடி வாங்கியவன் பாட்டு என்று அத்தான் பதிலுக்கு ஒன்று எழுதினார். அதுவும் சோடை போகவில்லை.

பிறகு யாரோ அவர்களை ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பிவைத்தார்கள். அந்த அம்மாள் இருவரையும் சமாதானப்படுத்திவிட்டார். சிலர் இப்படித்தான், பின்விளைவை யோசிப்பதில்லை. மாடியில் தக்காளிச் செடி வைத்தார்கள். தக்காளியைப் பற்றிப் பாட்டு எழுதினார்கள். அதைப் பாடும்போது அரங்கமே எழுந்து கேன்டீனுக்குப் போனது.

ஒருநாள் அக்கா சொன்னாள்: "போதும்டா. இந்த நிகழ்ச்சியோட முடிச்சுக்கறோம். இனிமே எங்களுக்காகப் பாடிக்கறோம்."

"நீயும் ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்க மச்சான்" என்று அத்தான் முதுகில் தட்டினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அத்தானுக்குக் குரல் போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. அவர் மனம் நோகக்கூடாது என்று அக்கா கேட்டுக்கொண்டதால், அவர் மைக்கை நான் அடக்கிவைப்பேன், அவர் பகுதியையும் அவள் சேர்த்துப் பாடிவிடுவாள். அவர் தன் குரலுக்கு என்று நினைத்துக் கைதட்டலுக்குத் தலைவணங்குவார். அவர்கள் கல்யாணத்தில் அதைவிட அழகான விஷயம் வேறில்லை.

கடைசி நிகழ்ச்சியில் அத்தான் மேடையில் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். நான் ஒப்பனை அறைக்குப் போனேன். அக்காவின் தோளில் செருகியிருந்த சின்ன மைக்கை மிக்ஸரில் ஏற்கனவே திறந்துவிட்டிருந்தேன்.

"அக்கா, அத்தான் மைக்கை இன்னிக்கும் குறைச்சே வைக்கட்டுமா?"

"ஆமாடா. அவர் குரல் மேல போனா துருப்பிடிச்ச கேட்டைத் திறக்கற மாதிரி இருக்கு. பாவம், அவருக்குத் தெரியவே வேணாம்."

ஸ்பீக்கரில் இதைக் கேட்ட அரங்கம் குலுங்கிச் சிரித்தது. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். அத்தான் கிடாரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே போனார். எழுந்து நின்று கைதட்டினார்கள். அக்கா ஓடிவந்தபோது மேடையில் கிடார் மட்டும் இருந்தது.

இப்போது ஆளுக்கொரு வீடு. இருவரும் எழுதுகிற பாட்டைக் கேட்டால் கல்லும் கரையும். நான்தான் இரண்டு பேருக்கும் நிகழ்ச்சி பார்த்துக் கொடுக்கிறேன். ஒருவர் போனை மற்றவர் எடுப்பதில்லை என்று இருவருமே வருத்தப்படுகிறார்கள். இரண்டு பேருக்கும் புது எண் வாங்கிக் கொடுத்தது நான்தான். பழைய எண்களில் ரசிகர்கள் தொல்லை.

"அவர் நேரத்துக்குச் சாப்பிடறாராடா? நான் மன்னிப்பு கேட்டேன்னு சொன்னியா?" என்று அக்கா கேட்பாள். சொன்னேன், அவர் பதில் சொல்லவில்லை என்பேன்.

"அவ என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா மச்சான்?" என்று அத்தான் கேட்பார். இல்லை என்பேன். அவர் உடனே கிடாரை எடுத்துக்கொள்வார்.

குடும்பத்தைப் பிரித்தவன் என்று ஊரில் என்னைச் சொல்கிறார்கள். நான் ஒருவன் இல்லாவிட்டால் அந்த இரண்டு பேருக்கும் நடுவே இந்தப் பேச்சுவார்த்தைகூட இருக்காது.