எப்ப வேணா எழுந்து போகலாம்

இழுக்காதீங்க மேடம், கைப்பிடி கையோட வந்துரும். உள்ளேருந்து அது தெறக்காது. வெளிய இருந்து யாராச்சும் தெறந்தாதான் உண்டு. எல்லாரும் எதிர்க் கட்டடத்துல உங்களுக்கு பார்பிக்யூ எடுத்து வச்சிட்டிருக்காங்க. ரூமைக் காட்டிட்டு உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க என்னை. காணோம்னு தேடி வருவாங்க. வராம எங்க போவாங்க.

போனா? வெளிய கூடையில கிடக்கு. ரெண்டு பேருதும். விசாரணை ரூமுக்குள்ள போன் கூடாது, விதி.

கத்துங்க, நான் வேணாங்கல. ஆனா நல்ல சுவரு இது. பேசறது வெளிய கேக்கக் கூடாதுன்னே பஞ்சு வச்சுக் கட்டினது. போன தடவை உங்களை மாதிரி இந்த ஆபீசுக்குச் சான்று குடுக்க வந்தவங்க இந்தச் சுவரைப் பாராட்டி எழுதிட்டுப் போனாங்க.

என் பேரா? கோல்பி. முன் மேசையில உக்கார்றவன். ஆமா, பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவன்தான். ஏன்னா கேக்குறீங்க? புடிக்கல, விட்டேன். அதுல பெரிய கதையெல்லாம் இல்ல.

நீங்க உக்காருங்க. காலையில ஒரு ஃபைலைப் பொரட்டிட்டு, நல்லாருக்குன்னு டிக் போட்டீங்கள்ல, லுவெல்லான்னு ஒரு அம்மாவோடது? சிறுவர் ஜெயில்ல சமையல் பண்றவங்க. காவலாளி ஒருத்தன் பசங்களை அடிக்கிறான்னு புகார் குடுக்க வந்தாங்க, அப்பறம் அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க. ரெக்கார்டுல அதை விசாரிச்ச எங்க அதிகாரி விட்லோ சார் குரல் தெளிவா இருக்கும். நீங்க எப்ப வேணா எழுந்து போகலாம்னு சொல்லியிருப்பாரு. அந்த வாக்கியம் கட்டாயம் இருக்கணும்னு நீங்க எதிர்பாக்குறீங்க. இருக்கு. சொல்லி முடிச்சதும் மெஷினை நிறுத்திட்டு காபி குடிக்கப் போயிட்டாரு. பின்னாடியே கதவு சாத்திக்கிச்சு.

நான் அப்ப இங்க இல்ல. எல்லாருக்கும் சாண்ட்விச் வாங்கிட்டு வான்னு அனுப்பிட்டாங்க. வந்து பாத்தா கதவுல தட்டுற சத்தம். பக்கத்துல போனாதான் கேக்கும். தட்டித் தட்டி ஓஞ்சு போன கை, தெரிஞ்சுது. தெறந்தேன். இந்த ஏசிக் குளிர்ல அந்தம்மா ஸ்வெட்டரைக் கழட்டி இடுப்பைச் சுத்திக் கட்டியிருந்தாங்க. ஏன்னு புரியல எனக்கு. நாற்காலியைப் பாத்தப்பறம்தான் புரிஞ்சுது. சக்கரை வியாதி அவங்களுக்கு, எவ்வளவு நேரம்தான் அடக்குவாங்க. என் முகத்தைப் பாக்கவே இல்ல. தம்பி, கையெழுத்துப் போட்டா விட்ருவாங்கல்ல, அந்த வாபஸ் பேப்பரைக் கொண்டா அப்படின்னாங்க. அதெல்லாம் வேணாம்மா, கதவு தெறந்துதான் இருக்கு, கெளம்புங்கன்னேன். நம்பல. அதுக்குள்ள விட்லோ சார் பேனாவோட வந்துட்டாரு.

அந்த நாற்காலியா... நீங்க உக்காந்திருக்கறதுதான். பரவால்ல, எழுந்திருக்காதீங்க. நான்தான் துடைச்சேன், நல்லாவே துடைச்சேன்.

வேணும்னு செஞ்சாரான்னு எனக்குத் தெரியாது மேடம். கதவு ரொம்ப நாளா இப்படித்தான். ஆள் வச்சு சரி பண்ணியிருக்கலாம். பண்ணல. அந்தக் காவலாளி இன்னும் அங்கதான் வேலை பாக்குறான். பசங்களும் அங்கதான் இருக்காங்க. சாயந்திரம் நீங்க சான்றுல கையெழுத்து போட்டா நாங்க ஒழுங்கா விசாரிக்கிற ஆபீஸ்னு ஆயிரும். அப்பறம் எவன் அந்த ஃபைலைத் தொடப் போறான்?

புகார் எழுதியிருக்கலாமேவா? யாருகிட்ட குடுக்க? அரசாங்கத்து ஆளுங்க மேல வர்ற புகாரையெல்லாம் இங்க முன் மேசையில வாங்குறதே நான்தான். உங்ககிட்ட சொல்லலாம், சரி. காலையில சொல்ல வாயெடுத்தேன். உங்க பட்டியல்ல இருக்கற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுப்பான்னீங்க. கதவு அந்தப் பட்டியல்ல இல்ல.

ஏன் காலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க? ஐஸ் டீயா? பெரிய கப்புதான் குடிச்சீங்க. போங்களேன். நீங்க எப்ப வேணா எழுந்து போகலாம்.

கோவம் வரும், வரட்டும். இல்ல மேடம், காத்துல சாத்திக்கல. இந்த ரூம்ல காத்து ஏது. காலையில விட்லோ சார் என்னைத் தனியா கூப்பிட்டு ஒரே ஒரு வேலைதான் சொன்னாரு. சான்று குடுக்க வந்திருக்கற மேடம் உள்ள இருக்கற வரைக்கும் கதவு சாத்திக்காம அடியில கட்டையை வச்சிரு, மறந்துராதடான்னாரு.

மறக்கல. வைக்கல.