எருக்குழி மண்

கன்னிவாடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"போன்ல வந்த அந்த மண்ணு மேப்புல பச்சையாத் தெரியிறது எங்க எருக்குழி, மதினி."

"என்னடி சொல்ற?"

"வெவசாய ஆபீசுல இருந்து மண்ணு பரிசோதனைக்குன்னு, நாலு தோட்டத்துக்கும் சேத்து எங்க தோட்டத்துல மட்டும் மண்ணு கேட்டாங்கல்ல? ஆபீசுக்குப் போற மண்ணு, நல்லதாக் குடுப்போம்னு எருக்குழி ஓரத்துல அள்ளிக் குடுத்துட்டேன். அதைப் பாத்துட்டு நாலு தோட்டத்துக்கும் பச்சைக் கலரு குடுத்து, அருமையான மண்ணுன்னு போன்ல போட்டுட்டாங்க."

"நல்லதுதான?"

"பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அதை நம்பி, எப்பவும் போடுற சோளத்தை விட்டுட்டு சின்ன வெங்காயம் நட்டாரு. இம்புட்டு நல்ல மண்ணுக்கு எரு எதுக்குன்னு அதையும் போடல. ஒண்ணும் தேறல."

"அவருகிட்ட உண்மையைச் சொல்லிட்டியா?"

ஜன்னலோரம் இருந்தவர் டிக்கெட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சொல்லத்தான் நேத்துப் போனேன். அவரு முந்திக்கிட்டாரு. 'மண்ணு நல்ல மண்ணுதான் தங்கச்சி, எனக்குத்தான் வெவசாயம் பண்ணத் தெரியல'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"தலைய ஆட்டிட்டு வந்துட்டேன், மதினி."