காலி வண்டியின் எடை

"ஹலோ… அண்ணி, கேக்குதா?… ஆமா, ஆமா, ஆஸ்பத்திரிலதான். உங்க தம்பிய இப்பத்தான் பாத்தாங்க… இல்ல, குழாய் போடல. இனிமே போடவும் முடியாதாம்… சொல்றேன், இருங்க."

மோட்டார் நியூரான் நோய் வந்து கை, கால், பேச்சு எல்லாம் போன கணவரைச் சக்கர நாற்காலியோடு எடை மெஷின் பக்கத்தில் விட்டுவிட்டு, அவள் வராந்தாவின் கோடிக்கு வந்தாள்.

"சாப்பாடு குடுக்க வயித்துல குழாய் வெக்க மூச்சு தாங்காதுங்கறாங்க… மூணு மாசம் முந்தி தாங்கியிருக்குமாம்… ஆமா, அந்த ரத்த டெஸ்ட் எடுத்தப்ப… நல்லாத்தான் இருந்துச்சு. புரதம் சரி, சோடியம் சரி. கிரியேட்டினின் ஒண்ணுலதான் அளவு சரியில்லன்னு ஸ்டார் குறி. ஸ்டார் இருந்தா உடனே வாங்கன்னு டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்… ஆமா, ரொம்பக் கம்மி. அத்தைக்குக் கிட்னி போனப்ப அது ஏற ஏற நாம பட்ட பாடு! கம்மின்னா நல்லதுதானேன்னு டாக்டர்கிட்ட போகாம விட்டுட்டேன்… நீங்களும்தான் சொன்னீங்க!… இல்ல, இல்ல அண்ணி. உங்களச் சொல்லல. காகிதம் என் கையிலதான் இருந்துச்சு."

"அது தசையிலேருந்து வர்றதாம். தசையே கரைஞ்சுபோனா எங்கேருந்து வரும்? முழுங்க முடியாத பட்டினி வேற… நான் ‘டெஸ்ட்ல நீங்க பாஸு’ன்னு சொல்லி அவர் கையப் பிடிச்சுக் குலுக்கினேன் அண்ணி."

"எடையா? நிக்க முடியாதவர எப்படிப் போடறதுன்னு நர்ஸ் பொண்ணு முழிச்சுது. இவர் நாற்காலியக் கண்ணால காட்றார்… ஆமா! எடைமேடையில இருபது வருஷம் லாரிக்கு எடை போட்டவராச்சே! சரக்கோட ஒரு தடவ, காலியா ஒரு தடவ, கழிச்சுக்கோங்கறார். அந்தப் பொண்ணே சிரிச்சிடுச்சு… மொத்தம் அம்பத்தெட்டு. நாற்காலி பத்தொம்பது… ம். முப்பத்தொம்பது… அண்ணி? இருக்கீங்களா?"

"மறைக்கறதா? அவர்கிட்டயா? எடையக் கூட்டிக் காட்டத் தண்ணி டேங்க்க நிரப்பிக்கிட்டு வந்த டிரைவரையெல்லாம் எட்ட நின்னே பிடிச்சவர்… இருங்க, நர்ஸ் கூப்பிடுது."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓடினாள். அவர் கண்கள் கழுத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த தலையணைக்குப் போயின. அங்கிருந்து மடியிலிருந்த போர்வைக்கு. அங்கிருந்து மெஷினுக்கு. மறுபடியும் தலையணைக்கு. அவளுக்குப் புரிய நேரமானது.

"ஒண்ணுமில்ல அண்ணி… தலையணையும் போர்வையும் சரக்கோட சேந்துடுச்சாம். காலி நாற்காலியப் போட்டப்ப அது இல்ல. தார்ப்பாயக் கழிக்கலங்கறார்… அவரேதான்!… பொண்ணு தூக்கி வெச்சுப் பாக்குது… ரெண்டு கிலோ."

"முப்பத்தேழு… ஆமா, இப்ப சரியாம். கண்ண மூடித் திறந்துட்டார். வண்டிய எடுன்னு அர்த்தம்… வீட்டுக்குத்தான். வேற எங்க?… நீங்க அழுங்க அண்ணி. நான் வெச்சிடறேன். தள்ள ரெண்டு கையும் வேணும்."