மாதம்மாளின் கன்னத்துக் குழிகள்

பருவைக் கிள்ளக் கூடாது ஐயா. கிள்ளினால்தான் குழி விழும். சும்மா விட்டால் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். எங்கள் மலையில், குண்டூர் நாட்டில் பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் இதற்கு என்னைத்தான் தேடி வருவார்கள். பெருமாயி என்றால் கைராசிக்காரி என்று பேர்.

என் மகள் மாதம்மாளுக்கும் முகமெல்லாம் பரு வந்தது. யுத்தம் நடந்த காலம், சந்தையில் சோப்புக்குப் பஞ்சம். பயத்தமாவு போட்டுக் கழுவிவிட்டேன். திருநீற்றுப்பச்சிலைச் சாற்றில் வசம்பை உரைத்துத் தடவினேன். தூக்கத்தில் சொறிந்துவிடாதபடி அவள் கைகளில் பழந்துணி சுற்றினேன். அவள் அப்பன் மலைக்காய்ச்சலில் போன பிறகு எனக்கென்று இருந்தது அந்த முகம் ஒன்றுதான். மருந்து போடும்போது கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை என் பக்கம் ஏந்திக் கொடுப்பாள்.

முகம் தெளிந்தது. கன்னத்தில் அவள் கிள்ளிவிட்ட இடத்தில் இரண்டு சின்னக் குழிகள் மட்டும் நின்றன. தெளிந்த முகத்தைப் பார்த்துத்தான் வாழவந்தி நாட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை சென்றாயன் குறை சொல்ல முடியாத பையன். சாமை அறுப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அரை நாள் நடைதானே என்று எல்லாரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். நடந்து போய்ப் பார்க்கிற மகள் வேறு, பக்கத்தில் படுத்திருக்கிற மகள் வேறு. அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

அந்தச் சமயத்தில் அவளே கேட்டாள். "ஏனாத்தா, கல்யாணத்துக்குள்ள இந்தக் குழி மறைஞ்சிருமா?"

"மறைஞ்சிரும் கண்ணு" என்றேன்.

காட்டில் சேங்கொட்டை பொறுக்கிச் சேந்தமங்கலத்து வண்ணாருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதன் பாலில் குறி போட்டால் துணி கிழியும்வரை போகாது. தோலில் பட்டால் கொப்புளிக்கும். ஆறினாலும் தழும்பு நிற்கும். அதனால் கையில் எண்ணெய் தடவாமல் தொடமாட்டோம். அன்று காலையிலும் தடவிக்கொண்டேன். பச்சிலையோடு கொஞ்சம்தான் சேர்த்து அரைத்தேன். நாலு தழும்பு விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் தாமாக விலகிக்கொள்வார்கள் என்பதுதான் என் எண்ணம்.

"எரியுது ஆத்தா" என்றாள்.

"மருந்துன்னா எரியும் சாமி. பொறுத்துக்க."

பொறுத்துக்கொண்டாள். நான் கழுவச் சொல்லும்வரை அவள் கழுவவே இல்லை.

மறுநாள் முகம் வீங்கிக் கொப்புளம் கட்டியது. விஷயம் தெரிந்து சென்றாயன் ஓடி வந்தான். பார்த்துவிட்டு விலகிப் போவான் என்று நினைத்தேன். அவனோ அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டினான். "மூஞ்சி எப்படி இருந்தா எனக்கென்னங்க அத்தை? டோலி கட்ட ஆள் கூட்டியாறேன். கீழ எறக்கி ஆஸ்பத்திரியில காட்டலாமுங்க" என்று சொல்லிப் போனான்.

தழும்போடும் கூட்டிப் போகிறவனை நான் என்ன செய்ய முடியும்?

மாதம்மாள் என் கையைப் பிடித்தாள். "அவிய வாரதுக்குள்ள இன்னொருக்கா போட்டுடு ஆத்தா. உன் கையால போட்டா ஆறிரும்." அவளே வாய்விட்டுக் கேட்டாள் ஐயா. இந்த முறை கொஞ்சம் என்று பார்க்கவில்லை. கழுத்துவரை தடவினேன்.

தொண்டை வீங்கி மூச்சு அடைத்தது. தேங்காய்ப்பால் ஊற்றிக் கழுவினேன். மடியில் போட்டுக்கொண்டு சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். கண் திறக்க முடியாமலே என் முகத்தைத் தடவிப் பார்த்து, "அழுவாத ஆத்தா, உன் மருந்து மேல குத்தமில்ல" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

ஆட்களோடு வந்த சென்றாயன் அழுதுவிட்டு, அம்மிக்கல்லில் இருந்த கறுப்புக் கறையைப் பார்த்தான். சேங்கொட்டைக் கறை மலைக்காரனுக்குத் தெரியாதா? அவன் போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னதெல்லாம் நிஜம். நான்தான் அரைத்தேன், நான்தான் தடவினேன். ஒரு தரமல்ல, இரண்டு தரம்.

அவளை எங்கள் சாமைக்காட்டு ஓரத்திலேயே அடக்கம் செய்திருக்கிறேன். வாசலில் நின்றால் தெரியும். என்னைச் சேலம் ஜெயிலுக்கு அனுப்புவீர்களாம். தண்டனைக்கு நான் பயப்படவில்லை ஐயா. ஆத்தாளை விட்டு ஒரு நாளும் இருந்தறியாத பிள்ளை, அந்தக் காட்டோரத்தில் தனியாக எப்படி இருக்கும்?