கொய்யா எலத் தண்ணி

பழம் பறிக்கல டீச்சரம்மா, சத்தியமா. எல தான். பையத் தொறந்து பாருங்கோ, ஒரு பிஞ்சு கூட கெடையாது. கேட்டுட்டு எடுத்திருக்கணும், தப்பு தான். காலங்காத்தால கதவத் தட்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. நானு கஸ்பாரு, பின்னாடி சந்து. காசிமேட்டுல மீன் பொட்டி தூக்குறேன்ல, அவன் தான்.

ஆட்டுக்கா? அய்ய, எங்கிட்ட ஆடு எங்க கீது. காலுக்கும்மா. வெரலு இடுக்கெல்லாம் புண்ணு. ஐஸ் கரைஞ்ச தண்ணி, மீன் ரத்தம், அதுலயே நின்னுகினு கீறோம்ல. பூட்ஸு போட்டா உள்ள தண்ணி பூந்துகினு இன்னும் பேஜாரு.

காட்டவா? வேணாம்மா. நீங்க இன்னும் காபி கூட குடிச்சிருக்க மாட்டீங்கோ.

டாக்டராண்ட போனேனே. மாத்திரை குடுத்தாரு, களிம்பு குடுத்தாரு, கால ஈரம் படாம வச்சிக்கோன்னாரு. மீன் பொட்டி தூக்குறவனாண்ட! சிரிக்காதீங்கோ. அப்பால நம்ம தோஸ்து தவசிமுத்து, மாவெலய அரைச்சு அப்புடான்னான். அப்பினேன். தோலோட வந்துச்சு. கொய்யா எலைக்குத் தான் கிருமி சாவும்னு காசிமேட்டுல டீ விக்கிற கௌசர் அக்கா சொல்லிச்சு.

அப்டியா? நெசமாவே சாவுதா? உங்க காலேஜுல செஞ்சு பாத்தீங்களா? கண்ணாடித் தட்டுல கிருமிய வளத்தா... சர்தான், ஆனா என் காலு கண்ணாடித் தட்டு இல்லியேம்மா.

ம். ம். அரைச்சு அப்பக் கூடாது. கொதிக்க வச்சு, வடிகட்டி, ஆறுனப்புறம் கழுவிட்டு நல்லாத் தொடைக்கணும். மருந்தையும் உடக் கூடாது. செய்றேம்மா. வியாழக்கெழமைக்குள்ள புண்ணு ஆறிடுமா, அத்த சொல்லுங்கோ.

ஆறாதா.

இல்லம்மா, பெரிய வியாழன் வருதே. நீங்க கோயிலுக்கு வர்றதில்ல, தெரியாது. ஏசு சீடருங்க கால கழுவுனாரு இல்ல, அதே மாதிரி சாயங்காலப் பூசையில பன்னெண்டு பேர ஒக்கார வச்சு சாமியாரு கழுவுவாரு. தொடச்சு, குனிஞ்சு, கால்ல முத்தம் குடுப்பாரு. ஊரே பாத்துகினு இருக்கும். இந்த வருசம் நானும் ஒக்காரணும். மத்தவனுங்க வூட்லயே சோப்பு போட்டுத் தேச்சு, நகம் வெட்டி, பவுடரு போட்டுகினு தான் வருவானுங்கோ. அழுக்குக் காலோட எவன் வருவான்?

சாக்ஸு போட்டுகினு ஒக்காரட்டான்னு, பூசைக்கு ஏற்பாடு பண்ற உபதேசியாரக் கேட்டேன். கோயிலுக்குள்ளயே சத்தமா சிரிச்சிட்டாரு. நாத்தம் வேற அடிக்குதும்மா. உப்புத் தண்ணில ஊற வச்சாலும் போவ மாட்டேங்குது. பஸ்ஸுல செருப்ப உட்டா பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து நின்னுகினு வர்றான்.

வேற ஆள ஒக்கார வைக்கச் சொல்லலாம், ஆமா. ஜொரம்னு சொல்லி வூட்ல படுத்துக்கலாம். வேற சாமியாரா இருந்தா அத்த தான் செஞ்சிருப்பேன். இந்த வாட்டி கழுவறது எங்க ஜோ. என் புள்ள தாம்மா. இப்ப தான் சாமியாரா குருப்பட்டம் வாங்கிகினு வந்துகிறான். நானு வந்து ஒக்காரணும்னு கேட்டதே அவன் தான்.

அவன் மூஞ்ச சுளிக்க மாட்டாம்மா. சுளிக்காமயே குனிவான். அத்த தான் நானு எப்டி பாத்துகினு ஒக்கார்றது?